பத்து நிமிடம் முந்திய முரசு

2003 நவம்பர் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை முதல் படகில் என் பெரியப்பா பாக் லோங் மலேசியாவின் பங்கோர் தீவை விட்டுப் போனார்.

நோன்பு மாதம் பாதிகூட முடியவில்லை. அந்த மாதத்தில் எங்கள் தீவுக்காரர்கள் வெளியூரிலிருந்து திரும்பி வருவார்களே தவிர யாரும் கிளம்பிப் போக மாட்டார்கள். அதிலும் ஞாயிறு, விடுதிகளில் தங்கியவர்கள் மூட்டை கட்டும் நாள். வேன் ஓட்டுகிறவனுக்கு வாரத்தில் அன்றைக்குத்தான் பிழைப்பு. பாக் லோங் தன் இளஞ்சிவப்பு வேனைப் படகுத்துறை வாசலில் ஒழுங்காக நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, ஒரு துணிப்பையோடு படகேறியிருக்கிறார்.

எனக்கு இதை வந்து சொன்னது படகுச் சீட்டு விற்கும் ஜைனோல். எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே பேசினார்.

"ஜூரா, உங்க பெரியப்பா போய்ட்டாரு."

"எங்க போனாரு?"

"எனக்கு என்ன தெரியும்? லூமுட்டுக்குச் சீட்டு கேட்டாரு. போக வரத்தானேன்னு கிழிச்சேன். போறதுக்கு மட்டும் போதும்னாரு."

என் அப்பா பல் குச்சியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். தீவில் பிறந்தவர்கள் ஒருவழிச் சீட்டு வாங்குவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்கூடப் போக வரத்தான் வாங்குவார்கள்.

பாக் லோங் என்றால் எங்கள் வீடுகளில் மூத்தவர். என் அப்பாவின் அண்ணன், பெயர் பக்தியார். அவர் மனைவி ரோக்கியா எனக்கு மாக் லோங், பெரியம்மா. நாலு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என்னைப் படகுத்துறையில் ஏற்றிக்கொள்ள வந்தவர் அவர்தான். "இளைச்சிட்ட" என்றார். வீடு வரும்வரை வேறொன்றும் பேசவில்லை. எப்போதும் அப்படித்தான். அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய கருவி இருந்தது.

வேனின் முன்பலகையில் ஒரு ரப்பர் பட்டையால் கட்டி வைத்திருப்பார். உள்ளங்கை அளவு கையடக்கக் கணினி. பி.டி.ஏ. என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பினாங்கில் அவர் மகள் நட்ரா வேலை பார்த்த தொழிற்சாலையில், மூடியில் கீறல் விழுந்தவற்றை வேலைக்காரர்களுக்கே மலிவாகத் தள்ளிவிட்டபோது வாங்கி அனுப்பியது. வண்ணமில்லாத சின்னத் திரை. எழுதுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குச்சி. அந்தக் கருவிக்குப் புரியும் விதமாக எழுத்துகளைக் கோணல் கோணலாகப் போட வேண்டும். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட மனிதர் ஒரு மழைக்காலம் முழுக்கப் படகுத்துறையில் உட்கார்ந்து அதைப் பழகினார்.

பழகிய பிறகு அது இல்லாமல் அவரால் எதுவும் ஆகவில்லை. எந்த விடுதியில் யாரை எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும், எப்போது கடல் வற்றும், எண்ணெய் மாற்ற வேண்டிய நாள், கோழித் தீவனம், மாக் லோங்கின் ரத்த அழுத்த மாத்திரை என்று எல்லாவற்றுக்கும் அது கிரீச்சிடும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. அவர் எங்கே இருந்தாலும் சட்டைப் பையிலிருந்து எடுத்து, குச்சியால் ஒரு குத்துக் குத்தி, உடனே எழுந்து போய்விடுவார். தேநீர் பாதியிலிருந்தாலும் சரிதான்.

"போங்க, போங்க. உங்க சின்ன வீடு கூப்பிடுது" என்பார் மாக் லோங். அந்தப் பெயர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

கேலி செய்தாலும் ஊர் அவரை நம்பியது. படகு எத்தனை மணிக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டி வருவது, எதுவானாலும் பக்தியாரிடம் சொன்னால் போதும். அவர் தாமதமாக வந்தார் என்று சொல்ல ஆள் கிடையாது.

அதனால்தான் எங்கள் சின்னப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும் லெபாய் சாத், கண்புரை முற்றி மகனோடு ஈப்போவுக்குப் போனதும், இமாம் வேறு யாரையும் யோசிக்கவில்லை. "குரல் சுமாரா இருந்தாப் பரவால்ல பக்தியார். நேரம் தப்பக் கூடாது, அவ்வளவுதான். இந்த நோன்பு மாசம் நீ சொல்லு. பெருநாள் கழிச்சு உன்னையே வச்சுக்கலாமான்னு பார்ப்போம்" என்றார்.

மாக் லோங் அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "வேன் கண்ணாடிய எல்லாம் ஏத்திவிட்டுட்டு உள்ள உக்காந்து பாங்கு பழகுறாரு, ஜூரா. வேர்த்து ஊத்துது. ஏன் இந்தக் கூத்துன்னு கேட்டா, ஆயுசுல ஒரு வேலைய என்னைத் தேடி வந்து குடுத்திருக்காங்க, இது ஒன்னுதான்னாரு."

அதற்கு முந்தைய வருடம் அவர் வேனில் ஏறிய ஒரு சிங்கப்பூர் ஆசிரியரிடமும் இதே மாதிரிக் கருவி இருந்திருக்கிறது. அதில் ஐந்து வேளைத் தொழுகை நேரத்தையும் கணக்கிட்டு ஒலி எழுப்பும் ஒரு நிரல். இரண்டு பேரும் சாலையோரம் வேனை நிறுத்தி, இரண்டு கருவிகளையும் ஆடு முட்டுவதுபோல் நேருக்கு நேர் வைத்து, கம்பி இல்லாமலே அதை இதற்கு மாற்றிக்கொண்டார்கள். ஊர்ப்பட்டியலில் சிங்கப்பூர் என்றிருந்ததை பாக் லோங் எங்களுக்கு எதிர்க்கரையான லூமுட் என்று மாற்றினார். அன்றிலிருந்து அவர் பள்ளிவாசல் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அது ஒரு வருடமாக நொடி பிசகாமல் கூவியது.

இனி சனிக்கிழமை. அவர் போனதற்கு முந்தைய நாள்.

மதியமே இடி இறங்கி மின்சாரம் போய்விட்டது. மழை விட்டு விட்டுப் பெய்தது. பள்ளிவாசல் முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஊர்க்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் முறை வைத்துத் துடுப்பால் கிண்டினார்கள். நானும் மாக் லோங்கும் வெங்காயம் வதக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பாக் லோங் ஒரு மூலையில் உட்கார்ந்து கருவிக்கு பேட்டரி மாற்றினார். சுண்டு விரல் பேட்டரி இரண்டு. பழையதை எடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் புதியதைப் போட்டுவிட வேண்டும். தாமதமானால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அவருக்கு அது நன்றாகவே தெரியும். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மாற்றுவார்.

பழையதை எடுத்துவிட்டார். ஒன்றைப் போட்டார். அந்த நேரம் பார்த்து அடுப்புக் கல் நகர்ந்து அண்டா ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பிடி, பிடி, பக்தியார், அந்தப் பக்கம்" என்று ஜைனோல் கத்தினார்.

பாக் லோங் கருவியை அப்படியே பாயில் வைத்துவிட்டு ஓடினார். சாக்குத் துணியால் காதைப் பிடித்து, நாலு பேராக அண்டாவை நிமிர்த்தி, கல்லை மாற்றி வைத்தார்கள். கஞ்சி ஒரு கரண்டிகூடச் சிந்தவில்லை. எல்லோருக்கும் பெரிய நிம்மதி. அவர் திரும்பி வந்து இரண்டாவது பேட்டரியைப் போட்டபோது கருவி புதிதாகப் பிறந்திருந்தது. குறியைக் குச்சியால் தொடு, தேதி சொல், நேரம் சொல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது.

"சின்ன வீடு பேரே மறந்துட்டாளா?" என்றார் மாக் லோங்.

"கார்டுல இருக்கு" என்றார் அவர். முகம் வெளுத்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் படி எடுத்து வைத்திருப்பார். ஜைனோலின் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்தினார். கார்டைச் செருகினார். விடுதிப் பெயர்கள் வந்தன, கடல் வற்றும் நேரம் வந்தது, மாத்திரை வந்தது, தொழுகை நேர நிரலும் வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எல்லாம் இருக்கிறது என்று பெருமூச்சு விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். எல்லாம்தான் இருந்தது.

மாலை ஆக ஆக வானம் கறுத்துப்போய் எது மேகம், எது இருட்டு என்று தெரியவில்லை. பள்ளிவாசலின் மின்கடிகாரம் அணைந்து கிடந்தது. ஒலிபெருக்கியும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்ல முன்தாழ்வாரத்தில் தொங்கும் பெரிய முரசை அடிப்பார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். முன்பக்கம் பாக் லோங் முரசுக்கட்டையைக் கையில் பிடித்து, கருவியையே பார்த்து நின்றது திரை இடுக்கில் தெரிந்தது.

அது கிரீச்சிட்டது. அவர் முரசை அடித்தார். மழைச் சத்தத்தையும் மீறி அது மலையில் போய் முட்டித் திரும்பியது. பிறகு வெறும் குரலில் பாங்கு சொன்னார். சுமாரான குரல் என்று இமாம் சொன்னது பொய். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பழத்தை வாயில் போட்டோம். தண்ணீர் குடித்தோம். கஞ்சி வாங்கிக் குடித்தோம். எங்கள் வீட்டில் என் அம்மா சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியையும் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, "இன்னும் நேரம் இருக்கே" என்றாராம். "பக்தியாரே அடிச்சாச்சு, உன் கடிகாரந்தான் ஓடல, சாப்பிடு" என்றாராம் அப்பா. அந்தக் கடிகாரம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு விசாரித்ததில் அந்தச் சாயங்காலம் ஏழெட்டு வீடுகளில் இதே பேச்சு நடந்திருக்கிறது. எல்லா வீட்டிலும் கடிகாரம்தான் தோற்றது.

அஸ்தமனத் தொழுகைக்கு நின்றோம். மழை குறைந்திருந்தது. கடைசிச் சுற்றான மூன்றாவது ரக்அத்தில் நெற்றியைத் தரையில் வைத்திருந்தபோது, வளைகுடாவின் அந்தப் பக்கத்திலிருந்து, ஜெனரேட்டர் வைத்திருக்கும் பெரிய பள்ளிவாசலின் பாங்கு வந்தது.

அந்த நொடியை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தொழுகைக்குள் இருந்தோம். பேச முடியாது, திரும்பிப் பார்க்க முடியாது. என் நாக்கில் கஞ்சியின் இஞ்சி ருசி இருந்தது. பாங்கு வரி வரியாக வந்துகொண்டே இருந்தது. என் பக்கத்தில் இருந்த மாக் லோங்கின் முதுகு ஏறி இறங்குவது நின்றுபோனது. இமாம் தலையைத் தூக்க வெகுநேரம் ஆனது. எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாதது மாதிரி தொழுகை அதன்பாட்டுக்கு முடிந்தது. இமாம் வலது பக்கம் சலாம் சொன்னார், இடது பக்கம் சொன்னார். வழக்கம்போல எங்கள் பக்கம் திரும்பி உட்காரவில்லை. மேற்குச் சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து மாக் தே சோம் மட்டும் கேட்டார். மீன் காயவைக்கும் கொட்டகையில் வேலை பார்க்கும் அம்மாள். வயிற்றுப்புண்ணோடு ஒவ்வொரு நோன்பையும் எண்ணி எண்ணிப் பிடிப்பவர்.

"அது எந்தப் பாங்கு?"

பாக் லோங் சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்தார். திரையின் பச்சை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. தொழுகை நேரப் பக்கத்தைத் திறந்து மேலே இருந்த ஊர்ப் பெயரை அவரே சத்தமாகப் படித்தார்.

"சிங்கப்பூர்."

கார்டில் நிரல் இருந்தது. எந்த ஊர் என்று அவர் தேர்ந்தெடுத்திருந்தது கார்டில் இல்லை. அது கருவியின் நினைவில் மட்டும் இருந்து, பேட்டரியோடு போய்விட்டது. நிரல் தான் பிறந்த ஊரிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறது. சிங்கப்பூருக்கும் எங்களுக்கும் கடிகாரம் ஒன்றுதான். சூரியன் மட்டும் அங்கே பத்து நிமிடம் முன்னால் விழுகிறது. கடிகாரம் சரியாக இருந்ததால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. ஊர் முழுக்கப் பகலில் நோன்பைத் திறந்துவிட்டது.

இமாம் கடைசியில் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எங்களை இன்னும் அதிரவைத்தது. "இன்னைக்கு நோன்பு இல்லேன்னு ஆச்சு. பெருநாளுக்கு அப்புறம் எல்லாரும் இதுக்கு ஈடா ஒரு நாள் களா நோன்பு பிடிக்கணும். தொழுகையையும் இப்ப மறுபடி தொழுவோம். பக்தியார், பாங்கு சொல்லு."

பாக் லோங் எழுந்து நின்றார். காதுகளில் கை வைத்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜைனோல் எழுந்து அவர் பக்கத்தில் நின்று சொல்லி முடித்தார்.

அன்றிரவுத் தொழுகை முடிந்து தேநீர்க்கடையில் நடந்ததை அப்பா சொன்னார். யாரும் திட்டவில்லை. கேலிதான்.

"ஏம்பா பக்தியார், உன் சின்ன வீடு சிங்கப்பூர்க்காரியா? சொல்லவே இல்லியே."

"நாளைக்கு விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு மக்கா நேரம் வச்சிருக்கானாம். பகல் பத்து மணி வரைக்கும் சாப்பிடலாம்."

"மாக் தே சோம் அவளப் பாக்கணும்னு சொல்லுது. தொடப்பத்தோட."

பாக் லோங் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாராம். எல்லோருடைய தேநீருக்கும் அவரே காசு கொடுத்தாராம். "ஆளு தேறிட்டான்னுதான் நெனச்சேன்" என்றார் அப்பா. மறுநாள் காலையில் ஒருவழிச் சீட்டு.

நான் படகுத்துறைக்கு ஓடினேன். வேனுக்குள் ரப்பர் பட்டையில் கருவி அப்படியே இருந்தது. கதவைத் திறந்ததும் அது கிரீச்சிட்டது. திரையில் இருந்தது இதுதான்: தெலுக் நிப்பா, கடைசி விடுதி, பட்டர்வொர்த் குடும்பம், ஐந்து பேர், குழந்தைக்கு வாந்தி, மெதுவாகப் போ.

அவர்கள் மூட்டையோடு காத்திருப்பார்கள் என்ற நினைப்பில் நான் வண்டியை எடுத்துவிட்டேன். எனக்கு உரிமம் உண்டு, வாடகை ஓட்டும் அனுமதி கிடையாது. சந்தியில் நின்ற போலீஸ்காரர் வேனையும் என்னையும் பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்குள் அவருக்கும் தெரிந்திருந்தது. மெதுவாகத்தான் போனேன். குழந்தை வாந்தி எடுக்கவில்லை.

அவர்களை இறக்கிவிடும்போது அடுத்த ஒலி. அதை முடித்தால் அதற்கடுத்தது. ஒரு மனிதர் இல்லாமலே அவருடைய நாள் ஓடியது. நான் வெறும் கை கால்தான். ஐஸ் கடையில் லிம்மிடம் பழைய சாக்கு வாங்கு. ஹாஜா தாம்பியின் கண் சொட்டு மருந்து வந்ததா என்று மருந்துக்கடையில் கேள். வலது பின் சக்கரத்தில் காற்று பார். இவ்வளவு பேர் இந்தச் சின்னக் கிரீச்சை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் எப்படி விட்டுவிட்டுப் போனார்?

மாலை நான்கு மணிக்கு வேனை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். மாக் லோங் முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அழுதாரா என்று தெரியவில்லை. நான் கருவியை அவர் கையில் கொடுத்தேன். கொடுத்தபோதே அது ஒலித்தது.

"என்னவாம்?" என்றார். அவருக்கு அந்தச் சின்ன எழுத்து தெரியாது.

நான் திரையைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். தினமும், நான்கு மணி: ரோக்கியாவிடம் ஏதாவது பேசு.

படித்துக் காட்டினேன். மாக் லோங் மடித்த துணியை மறுபடி உதறி, மறுபடி மடித்தார்.

"நாலு மணியானா வருவாரு" என்றார் பிறகு. "எங்க இருந்தாலும் வண்டிய ஓட்டிட்டு வருவாரு. வந்து நின்னுட்டு, வெயில் அதிகமா இருக்குல்லன்னு கேப்பாரு. இல்லேன்னா கோழி முட்ட போட்டுச்சான்னு. பதில் சொல்றதுக்குள்ள போயிருவாரு. மனுஷனுக்கு வயசாயிட்டு வருது, ஏதோ கொழப்பம்னு நெனச்சேன், ஜூரா. நட்ராகிட்டக்கூடச் சொன்னேன், அப்பாவ டாக்டர்கிட்டக் காட்டுன்னு."

அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவளா சொல்லிக் குடுத்தா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் நட்ராவின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கேதான் இருந்தார்.

"மாக் லோங் தனியா இருக்காங்க. வாங்க பாக் லோங்."

"வர்றேன்."

"எப்ப?"

"பாப்போம்மா."

"ஊர்ல யாரும் உங்க மேல கோவமா இல்ல. சிரிக்கத்தான் செய்றாங்க."

"அதான்மா" என்றார். "நான் சொன்னா நேரம்னு இருந்துச்சு. இப்ப நான் சொன்னா சிரிப்பு. எத்தனை பேரு நோன்பு, தெரியுமா? சோம் வயித்த வலியோட பிடிச்சது. நான் எப்பிடிம்மா இன்னொரு தடவ அந்தக் கட்டைய எடுப்பேன்?"

நான் உலகம் சுற்றியவள் என்று பெயர். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ விதமாக மனிதர்கள் வீட்டைவிட்டுப் போவதைக் கேட்டிருக்கிறேன். பத்து நிமிடத்துக்காக ஒருவர் போவார் என்று எனக்குத் தெரியாது.

பெருநாளுக்கும் அவர் வரவில்லை. மாக் லோங் ஒரு தூக்குச்சட்டியில் ரெண்டாங் இறைச்சிக்கறி எடுத்துக்கொண்டு பினாங்குக்குப் போய்விட்டு, போக வரச் சீட்டில் திரும்பி வந்தார். அதற்கு அடுத்த வாரம் ஊர் முழுக்க ஒரே நாளில் களா நோன்பு பிடித்தது. அப்படி வேண்டும் என்று சட்டமில்லை, அவரவர் வசதிப்படி பிடிக்கலாம். மாக் தே சோம்தான் சொன்னார், "சேந்துதான தின்னோம், சேந்தே பிடிச்சிருவோம்" என்று. இமாம் பாக் லோங்குக்குத் தொலைபேசி போட்டு, அன்றைக்கு நீ வந்து முரசடி என்றார். மின்சாரம் இருந்தது, முரசுக்கு அவசியமே இல்லை. பாக் லோங்கும் சரி என்றாராம். மாலை கடைசிப் படகு வரும்வரை ஜைனோல் சீட்டுக் கூண்டைப் பூட்டவில்லை. பாக் லோங் அதிலும் வரவில்லை. பிறகு ஜைனோலே வந்து, கட்டையைத் தொடாமல், ஒலிபெருக்கியில் பாங்கு சொன்னார். நாங்கள் தலை குனிந்து பழத்தைத் தின்றோம். யாரும் கேலி பேசவில்லை.

இமாம் புதிதாக யாரையும் வைக்கவில்லை. ஆள் மாற்றி ஆள் பாங்கு சொன்னார்கள். வேனை என் அப்பாவின் நண்பர் ஒருவர் ஓட்ட எடுத்துக்கொண்டார். நான் ஜனவரி மாதம்வரை இருந்துவிட்டு மறுபடி கிளம்பினேன். எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கிளம்புமுன் விடைபெறப் போனபோது மாக் லோங் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பாயில் அந்தக் கருவி, பக்கத்தில் புதிய பேட்டரி இரண்டு.

"சத்தம் போடாத" என்றார். "ஒரு நிமிஷந்தான் இருக்கு."

பழையதை எடுத்தார். புதியதைப் போட்டு மூடினார். பொத்தானை அழுத்தினார். திரை வந்தது. மூச்சை விட்டார்.

"எதுக்கு மாக் லோங்? அவருதான் இல்லியே."

"அவரு வந்து கேட்டா எல்லாம் இருக்கணும்ல. லூமுட்னு மாத்தி வச்சிருக்கேன், ஜைனோல விட்டுத்தான். நீ பாத்துச் சொல்லு, சரியா இருக்கா?"

பார்த்தேன். சரியாக இருந்தது. நான்கு மணி வரியும் இருந்தது.

"இது அடிக்கும்போது என்ன பண்ணுவீங்க?"

"அடிக்கட்டும்" என்றார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் தொலைபேசியில் வந்தவை. பாக் லோங் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டினார். மாக் லோங் மாதம் ஒருமுறை போய் வந்தார். ஒவ்வொரு முறையும், படகு எப்போது என்று கேட்டு, பாக் லோங் லூமுட்வரை கொண்டுவந்து ஏற்றிவிடுவாராம். கூட ஏற மாட்டாராம். இரண்டாவது வருடம் நோன்பு பிறக்கும் வாரத்தில் மாக் லோங் அந்தக் கருவியையும் பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறார். அவர் முன்னால் வைத்து, பின்மூடியைக் கழற்றி, பேட்டரி மாற்றிக் காட்டியிருக்கிறார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தாராம், வாயைத் திறந்தபடி. அதைத் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திறந்தாராம். பட்டர்வொர்த் குடும்பத்துக் குழந்தையின் வாந்திகூட உள்ளே இருந்தது.

"ரெண்டு வருஷமா உங்க சின்ன வீட்டப் பட்டினி போடாம வச்சிருக்கேன்" என்றாராம் மாக் லோங். "எனக்கு வயசாகுது. இனிமே முடியாது. வந்து நீங்களே பாத்துக்குங்க."

மாக் லோங் என்னிடம் இவ்வளவுதான் சொல்லியிருந்தார். அத்தோடு தொலைபேசி அட்டையில் காசு தீர்ந்துவிட்டது. என்ன ஆனது என்று தெரியாமல் நான் பல நாள் அலைந்தேன். அப்போது நான் இஸ்மீரில் ஒரு அத்திப்பழக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலையில் இருந்தேன். ஒரு மதியம், கையில் பசை நாடாவோடு நின்றபோது, தெரியாத மலேசிய எண்ணிலிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது. அவர் எனக்கு எழுதிய ஒரே செய்தி. பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஜூரா, பாக் லோங் எழுதுகிறேன். ஊரில் இருக்கிறேன். இன்றைக்கு நோன்பு திறக்க நான் முரசடித்தேன். கருவி கூவியது, அடிக்கவில்லை. பெரிய பள்ளிவாசல் பாங்கு காதில் விழுந்த பிறகு அடித்தேன். அதுவரை ஒருவரும் பழத்தை வாயில் வைக்காமல் என்னையே பார்த்திருந்தார்கள். சோமும்தான். மழை இல்லை. நான்கு மணி அலாரத்தை எடுத்துவிடவா என்று உன் மாக் லோங்கிடம் கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்கிறாள்."